குடும்பிமலையைப் படம் பிடிக்கப் போனோம்

சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது எமது வாவி. வாவியைப் பற்றியும் வயலைப் பற்றியும் நாம் ஓயாமல் பேசுகிறோம். ஆனால் மேற்கு வானோரத்தில் நீல நிறமாகத் தெரியும் மலைகளை எம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? பிறந்த நாள் முதல் கண்ணில் படுவதால், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிடுகிறோம்.

கடந்த மாசி மாதத்தில் ஒரு நாள், இளைஞர்கள் சிலருடன் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் வழியாகக் குடும்பிமலைக்குப் புறப்பட்டோம். கையில் ஒரு பழைய கமராவும் சில கைத்தொலைபேசிகளும் இருந்தன. வழிகாட்ட, அப்பகுதியில் முன்பு வேளாண்மை செய்த முதியவர் ஒருவர் வந்தார். எம்முடன் வந்த இளைஞரில் பலர், 2007ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது முகாம்களில் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள்.

உச்சியில் முடிந்த குடும்பி போல் தோன்றுவதால் நம்மவர் இதைக் குடும்பிமலை என்றனர். சிங்கள மக்கள் தொப்பியைக் கண்டு தொப்பிகல என்றனர். ஆங்கிலேயரோ தங்கள் பிரபு ஒருவரின் தொப்பியைக் கண்டு ‘பாரன்ஸ் கப்’ என்று வரைபடத்தில் எழுதினர். மலை ஒன்றுதான், பார்த்தவர்கள் வேறு. 2007 ஜூலையில் போர்ச் செய்திகளில் இந்தப் பெயர் உலகெங்கும் அடிபட்டது. அதன் அடிவாரத்தில் மாட்டுப்பட்டி வைத்திருந்தவர்களைப் பற்றி அச்செய்திகளில் அதிகம் இருக்கவில்லை.

இது மண் குவிந்து எழுந்த மலையல்ல. எமது கிழக்குப் பகுதியின் அடிப்பாறை ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுகள் பழைமையானது. சுற்றியிருந்த மெலிந்த பாறை மழையிலும் வெயிலிலும் கரைந்துபோக, கடினமான பாகம் மட்டும் தனித்து நிற்கிறது.

படம் பிடிப்பதற்கு நேரம் அறிய வேண்டும். மலை எமக்கு மேற்கே இருப்பதால் காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும். பாறையின் வெடிப்புகள்கூடத் தெளிவாகத் தெரியும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் கறுத்த உருவம் மட்டுமே கிடைக்கும். கச்சான் காற்று வீசும் காலத்தில் தூசி மறைக்கும். மாரி மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே நல்லவை. இதையெல்லாம் இளைஞர்கள் விரைவில் பிடித்துக்கொண்டனர்.

ஆனால் அன்றைய பாடத்தைச் சொன்னவர் முதியவர்தான். திரும்பும் வழியில் பற்றை மண்டிய ஓர் இடத்தில் நின்றார். முன்னும் பின்னும் நடந்து பார்த்தார்.

“பாதர், மலையிட குடும்பிக்கும் அந்த மருத மரத்துக்கும் நேர நிண்டு, இஞ்சால திரும்பி, குளத்துத் துருசையும் அந்தப் பாறையையும் ஒரு நேருக்கு எடுத்தா, என்ட காலடியிலதான் எங்கட வரம்பு” என்றார்.

இது நில அளவையாளர் அறிந்த முறையே. இரண்டு பொருள்களை ஒரே நேரில் கண்டால் ஒரு கோடு. வேறு இரண்டைக் கண்டால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் நாம் நிற்கும் இடம். வரம்பு அழிந்துவிட்டது, வாடி எரிந்துவிட்டது, களவெட்டியில் காடு வளர்ந்துவிட்டது. மலை மட்டும் நகரவில்லை. அந்த இரண்டு காட்சிகளையும் படமாக்கினோம். அந்தப் படங்களே அன்று எடுத்தவற்றில் மிகப் பெறுமதியானவை.

அன்பான விவசாயக் குடும்பங்களே, உங்கள் வட்டையின் பெயரும் எல்லையும் வீட்டிலுள்ள முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். மலை, மரம், குளக்கட்டு, துருசு எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். பிரதி எடுத்து, பின்புறத்தில் திகதி, இடத்தின் பெயர், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, சொன்னவர் யார் என்பவற்றை எழுதுங்கள். படம் உறுதிக்கும் பேர்மிட்டுக்கும் ஈடாகாது. ஆனால் எல்லை பேசும் நாளில், சாட்சி சொல்லும் முதியவருக்கு அது துணை நிற்கும்.

சில எச்சரிக்கைகள். தனியே போக வேண்டாம். இடம் தெரிந்தவருடன் போங்கள். யானைகள் வெளிக்கிடுமுன், வெயில் சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்றது என 2017இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அறியாத பொருள் எதையும் தொட வேண்டாம். இராணுவ முகாம்களைப் படம் பிடிக்க வேண்டாம்.

திரும்பி வந்தபின் இளைஞர் ஒருவர் அந்தப் படத்தைத் தன் தாயாரிடம் காட்டினார். அவர் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, மருத மரத்துக்கு இடப்புறம் விரலை வைத்தார். “இதிலதான் மனே உன்ட அப்பாட பரண் இருந்தது” என்றார். அதையும் படத்தின் பின்னால் எழுதி வைத்தோம்.