புதுமுறையை அளப்பது எப்படி?

லயத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று கறவை மாடுகளை வைத்து, மரம் வெட்டும் வேலையோடு பால் வியாபாரமும் செய்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் பல உண்டு. சினை ஊசி, நேப்பியர் புல், சாஹிவால் - பிரீசியன் கலப்பினப் பசு ஆகிய புதுமுறைகள் இத்தகைய சிறு பால்காரர்களையும் நாடி வந்தன. அவை வேரூன்றினவா என்பதை எப்படி அளப்பது? இன்று அதைப் பார்ப்போம்.

பத்து வீடுகளில் எட்டு வீட்டார் பசுவுக்குச் சினை ஊசி போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எண்பது வெற்றி என்று எழுதிவிடலாம். மறு ஆண்டு மூன்று வீட்டார் மட்டுமே தொடர்ந்தால்? செய்து பார்ப்பது வேறு, கைக்கொள்வது வேறு. ஆகவே எத்தனை பேர் தொடர்கிறார்கள், தங்கள் மாடுகளில் எத்தனைக்குச் செய்கிறார்கள், அதனால் வீட்டுக்கு மிஞ்சியது என்ன என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

மிச்சம் பார்க்க ஒரு நாள் கறவை போதாது. நாளுக்கு 6 லிட்டர் வீதம் 300 நாள் கறக்கும் பசு 1,800 லிட்டர் தரும். அது 400 நாளுக்கு ஒரு கன்று ஈன்றால், சராசரி நாளுக்கு நாலரை லிட்டர். 600 நாள் ஆனால் 3 லிட்டர்தான். பால் வற்றிய நாளிலும் தீனி போட்டாக வேண்டுமே!

பசு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். காலையில் அறிகுறி கண்டால் மாலையில் ஊசி போடுவது நல்லது. ஆனால் விடியுமுன் கணவனும் மனைவியும் வெட்டுக்குப் போய்விட்டால், மாடு கத்துவதை யார் கவனிப்பது? ஒரு பருவம் தவறினால் மூன்று வாரம் வீண். புல் நடவும் சொந்த நிலம் வேண்டும். கலப்பினப் பசுவுக்கு நிழலும் தண்ணீரும் நல்ல தீவனமும் குறைந்தால், நம் வெயிலில் பால் குறையும்.

இவற்றை விசாரிக்காமல், புதுமுறையை விட்டவரைப் பிடிவாதக்காரர் என்று எழுதுவது நியாயமன்று. ஏன் விட்டார்கள் என்பதும் கணக்கில் ஏற வேண்டும். அப்போதுதான் தேவையானது ஊசியா, புல் நிலமா என்பது தெரியும்.

மாடு வளர்க்கும் நேயர்களே, பழைய பள்ளி நோட்டு ஒன்று போதும். பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள், கன்று ஈன்ற நாள், அன்றாடப் பால், தீனிச் செலவு ஆகியவற்றைப் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். கணக்கெடுக்க வருபவரிடம் அதைக் காட்டுங்கள். உங்கள் நிலையை உங்கள் கணக்கே எடுத்துச் சொல்லும்.