கட்டு அவிழும் இடம்

வீட்டின் ஒரு மூலையில் இரவும் பகலும் இயங்கி, குடும்பத்தின் படங்களையும் ஆவணங்களையும் காத்துவைத்து, மற்ற கருவிகள் கேட்கும்போது எடுத்துத் தரும் கணினியே வீட்டு சர்வர் எனப்படுகிறது. பெரும்பாலும் திரையும் விசைப்பலகையும் இல்லாத இக்கணினியில் உள்ள ஒரு ஜிப் கோப்பைப் பிரிக்க வேண்டுமானால், அந்த வேலையை எந்தக் கணினி செய்வது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

ஜிப் என்பது பல கோப்புகளைச் சுருக்கி ஒரே கட்டாக்கும் முறை. 1989இல் பில் காட்ஸ் இதை வெளியிட்டார். இன்றைய ஜிப் கோப்புகளில் மிகுதியாகப் பயன்படும் டிஃப்ளேட் என்னும் சுருக்கமுறையில் இரண்டு உத்திகள் இணைந்துள்ளன. முன்பு வந்த தொடர் மீண்டும் வரும்போது அதைத் திரும்ப எழுதாமல், இத்தனை பைட் பின்னே சென்று இத்தனை பைட்டை எடுத்துக்கொள் என்று குறிப்பது லெம்பெலும் ஸிவும் 1977இல் வகுத்த உத்தி. அடிக்கடி வரும் குறிகளுக்குக் குறுகிய அடையாளமும் அரிய குறிகளுக்கு நீண்ட அடையாளமும் தருவது ஹஃப்மன் 1952இல் கண்ட வழி. எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதாலும், அவற்றுள் முதல் பைட் எப்போதும் ஒன்றேயாக இருப்பதாலும், தமிழ் உரைக்கோப்புகள் நன்றாகவே சுருங்குகின்றன.

சர்வரின் கோப்புறையை மடிக்கணினியில் திறந்து, அங்கிருந்தபடியே ஜிப்பைப் பிரிக்கும்போது, வேலை சர்வரில் நடப்பதுபோல் தோன்றினாலும், சுருக்கிய தரவு முழுவதும் மடிக்கணினிக்கு வந்து, அங்கே விரிந்து, மீண்டும் சர்வருக்கே திரும்புகிறது. 10 ஜிகாபைட் கட்டு 20 ஜிகாபைட்டாக விரிவதாகவும், வைஃபை விநாடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட், கடத்துவதாகவும் கொண்டால், வருவதற்கு 800 விநாடியும் போவதற்கு 1,600 விநாடியுமாக 40 நிமிடம் போக்குவரத்திலேயே கழிந்துவிடும்.

இந்தச் சுமையைத் தவிர்க்க உதவுவது எஸ்எஸ்எச். 1995இல் பின்லாந்தைச் சேர்ந்த டாட்டு யுலோனென் உருவாக்கிய இந்த நெறிமுறை, தொலைவிலுள்ள கணினிக்கு மறையாக்கம் செய்த வழியில் கட்டளைகளை அனுப்புகிறது. 'அன்ஜிப்' என்ற கட்டளையும் கோப்பின் பெயருமாகச் சில பைட்டுகளே வலையில் பயணிக்க, விரிக்கும் வேலை முழுவதும் தரவு இருக்கும் இடத்திலேயே நடந்து முடிகிறது. இணைப்பு நடுவில் அறுந்தால் வேலையும் நின்றுவிடக்கூடும் என்பதால், பயனர் விலகினாலும் அமர்வைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் கட்டளையைத் தொடங்குவது நலம்.

பிரிக்கும் முன் செய்ய வேண்டியவையும் உண்டு. ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் இறுதியில் தனியே இருப்பதால், எதையும் விரிக்காமலே 'அன்ஜிப்' கட்டளையுடன் சிறுகோடும் 'எல்' எழுத்தும் சேர்த்து, உள்ளிருக்கும் கோப்புகளின் பெயர்களையும் விரிந்தபின் ஆகும் மொத்த அளவையும் காணலாம். வட்டில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம். 'எல்' இருந்த இடத்தில் 'டி' (t) எழுத்தை இட்டால், ஒவ்வொரு கோப்புடனும் பதிந்துள்ள சிஆர்சி-32 என்னும் சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு கட்டு பழுதின்றி உள்ளதா என்று சோதிக்கப்படும். குடும்பப் படங்களுக்கு வேறு பிரதி இல்லாத வீடுகளில், இந்தச் சோதனை முடிந்து, விரிந்த படங்கள் திறக்கின்றனவா என்று பார்க்கும் வரை மூலக்கட்டை அழிக்காதிருப்பதே முறை.