உழவருக்கு உதவும் மண்ணுளிப் பாம்பு

கோடை உழவில் மண் புரளும்போது சில சமயம் தடித்த, பளபளப்பான பழுப்பு நிறப் பாம்பு ஒன்று வெளியே வரும். தலை எது, வால் எது என்று எளிதில் தெரியாது. "இருதலைப் பாம்பு" என்று கூவிக்கொண்டு ஒருவர் மண்வெட்டியை ஓங்குவார். "அடிக்காதே, லட்சக்கணக்கில் விலை போகும்" என்று மற்றொருவர் சாக்கைத் தேடுவார். இரண்டுமே விவசாயிக்குத் தீங்கு தரும் செயல்கள். மண்ணுளிப் பாம்பு, இருதலை மணியன் என்றெல்லாம் அழைக்கப்படும் இந்தப் பாம்புக்கு நஞ்சு கிடையாது. எலிகளைத் தின்று வாழும் சாதுவான உயிரினம் இது.

உடலமைப்பு

ஈரான், பாகிஸ்தான், ராஜஸ்தானத்துப் பாலை நிலம் முதல் தமிழ்நாட்டின் வறண்ட மணற்பாங்கான நிலங்கள் வரை இது காணப்படுகிறது. தண்ணீர் தேங்கும் நிலத்தை விடப் பொலபொலப்பான மண்ணையும் புதர்க்காட்டையுமே விரும்பும். இதன் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானியை. தரங்கம்பாடியில் பணியாற்றிய பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் நினைவாக 1801-ல் பாட்ரிக் ரஸ்ஸல் இப்பெயரைச் சூட்டினார்.

வளர்ந்த பாம்பு சுமார் 2 முதல் 3 அடி நீளம் இருக்கும். ஆணை விடப் பெண் பெரியது. மூக்கு மண்ணைத் தோண்டும் ஆப்பு போல அமைந்துள்ளது. கண்கள் சிறியவை. செதில்கள் வழவழப்பாக இருப்பதால் மண்ணுக்குள் எளிதில் நழுவிச் செல்லும். பகலில் மண்ணுக்குள்ளோ எலி வளையிலோ பதுங்கியிருந்து இரவில் இரை தேடும்.

தலை ஒன்றே

இதன் வால் தலையைப் போலவே மழுங்கியிருக்கும். ஆபத்து நேரும்போது உடலைச் சுருட்டித் தலையை உள்ளே மறைத்துக்கொண்டு, வாலைத் தூக்கிக் காட்டும். எதிரி வாலைத் தாக்கினாலும் தலை தப்பிவிடும். இந்தத் தற்காப்பு முறையே "இருதலை" என்ற பெயருக்குக் காரணம். ஆறு மாதம் ஒரு தலையும் ஆறு மாதம் மறு தலையும் வேலை செய்யும் என்பது வெறும் கதை. வித்தை காட்டுவோர் சிலர் வால் நுனியில் கண், வாய் போல வடு உண்டாக்கிக் காட்டுவதும் உண்டு. இந்தப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும் என்பதும் உண்மையல்ல. தொழுநோய் கிருமியால் வருவது. அதற்கும் பாம்புக்கும் தொடர்பில்லை.

எலி வளைக்குள் வேட்டை

ஆந்தை வளைக்கு வெளியே வரும் எலியைத்தான் பிடிக்கும். மண்ணுளிப் பாம்போ வளைக்குள்ளேயே நுழையும். மலைப்பாம்பைப் போல இரையைச் சுற்றி நெரித்துக் கொன்று விழுங்கும். ஒருமுறை வயிறார உண்டால் பல நாட்களுக்கு அதற்கு இரை தேவைப்படாது. எனவே ஒரு பாம்பு மட்டும் வயலின் எலிகளை ஒழித்துவிடாது. எனினும் எலியின் சினைக்காலம் மூன்று வாரமே. ஒரு பெண் எலி குறைந்தாலே அடுத்தடுத்த ஈற்றுகள் அத்தனையும் குறைகின்றன. ஆந்தை, சாரைப் பாம்பு, மண்ணுளி ஆகியவை சேர்ந்து செலவில்லாமல் இந்த வேலையைச் செய்கின்றன.

இது முட்டையிடுவதில்லை. சுமார் நான்கு மாதம் வயிற்றில் சுமந்து 14 குட்டிகள் வரை ஈனும். குட்டிகளின் உடலில் கருமையான பட்டைகள் தெரியும். வளர வளர அவை மங்கிவிடும். சினைப் பாம்பை அடித்தால் ஒரு தலைமுறையே அழியும்.

ஆசை காட்டும் கும்பல்

மருந்துக்கு உதவும், அதிர்ஷ்டம் தரும், வெளிநாட்டில் கோடி ரூபாய் தருவார்கள் என்று சொல்லிக் கிராமங்களுக்கு வரும் தரகர்கள் உண்டு. எடை கூடினால் விலை கூடும் என்பார்கள். எடையைக் கூட்டுவதற்காகப் பாம்பின் வாயில் இரும்புக் குண்டுகளைத் திணித்த கொடுமையும் நடந்திருக்கிறது. இதன் மருத்துவப் பயனுக்கு எந்த அறிவியல் சான்றும் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். பணம் கட்டி ஏமாறுவதும் விவசாயி, சிறைக்குச் செல்வதும் விவசாயி என்ற நிலை வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

● நஞ்சில்லாத பாம்பு என்று நினைத்து எந்தப் பாம்பையும் கையால் தொடக்கூடாது. உடலில் திட்டுகள் கொண்ட மற்றொரு வகை மண்ணுளியும், கொடிய நஞ்சுள்ள கண்ணாடி விரியனும் அவசரத்தில் ஒன்றுபோலத் தோன்றும். கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி போன்ற வட்டங்கள் மூன்று வரிசையாக இருக்கும். அது உரக்கச் சீறும்.

● உழவில் மண்ணுளி தென்பட்டால் ஏரைச் சற்று நிறுத்தினால் போதும். அது தானே மண்ணுக்குள் புகுந்துவிடும்.

● வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிக்காமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

● எலிக்கு நச்சு உணவு வைத்தால், செத்த எலிகளைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும்.

● எந்தப் பாம்பு கடித்தாலும் மந்திரிக்காமல், கீறாமல், உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மண்ணுளிப் பாம்பு கூலி கேட்பதில்லை, பயிரைத் தொடுவதில்லை. வரப்போரம் அதற்குச் சிறிது இடம் விட்டால், எலி தின்னும் மணிகளில் ஒரு பங்கு களத்துக்கு வந்து சேரும்.