நள்ளிரவில் உங்கள் இணைப்பை யார் பாவிக்கிறார்கள்?

2025 ஒக்டோபர் 14 நெருங்க நெருங்க வாசகர் கடிதங்கள் கூடின. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தத் திகதியுடன் நின்றன. இந்தச் செய்தி வாய்க்கு வாய் மாறிப் பல உருவம் எடுத்துவிட்டது. அன்றைக்குக் கணினியே நின்றுவிடுமா என்று பரந்தனிலிருந்து ஒருவர் கேட்டார். பதினைந்தாம் திகதிக்குப் பிறகு இணையத்தைப் போட்டால் கள்வன் உள்ளே வந்துவிடுவானாமே என்று நெடுங்கேணியிலிருந்து ஒரு தாய் எழுதினார். புதுக்குடியிருப்பு ஆசிரியர் ஒருவரின் கேள்வி இன்னும் நேரானது. வீட்டில் ரவுட்டர் எப்போதும் எரிந்தபடி இருக்கிறது. இரவு டேட்டா மலிவென்று பிள்ளைகள் பாடக் காணொளிகளை இறக்கவிட்டுக் கணினியை விடிய விடிய ஓடவிடுகிறார்கள். இனி அதை நிறுத்த வேண்டுமா?

திகதிக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கணினி நிற்காது. "ஆதரவு முடிகிறது" என்று நிறுவனம் சொல்வதற்குப் பொருள், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இலவசமாக அடைக்க மாட்டோம் என்பதுதான். புதுக் கணினி வாங்குங்கள் என்ற ஆலோசனையும் அதே நிறுவனத்திடமிருந்தே வருகிறது. அதை விற்பனைப் பேச்சாகவும் கேட்க வேண்டும். எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலி உள்ள பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 ஏற்காது. நம் மாணவர்கள் செகண்ட்ஹான்டில் வாங்கிய இயந்திரங்கள் பலவும் அந்த வகைதான். அவற்றை வீச வேண்டியதில்லை. 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களுக்கு நீடிப்பு இருக்கிறது. 30 டொலர் கட்டலாம். அல்லது மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அவர்களுடைய சேமிப்பகத்தில் காப்புச் செய்யச் சம்மதித்தால் காசில்லை. இலவசம் என்று சொல்லப்பட்டாலும், அந்தச் சம்மதம்தான் விலை. ஆனாலும் திருத்தமே இல்லாமல் ஓட்டுவதைவிட அது மேல்.

இனி இரவு முழுக்க விடுவதைப் பார்ப்போம். 2003 ஓகஸ்டில் பிளாஸ்டர் புழு பரவியபோது, திருத்தம் போடாமல் இணையத்தில் நேரடியாகத் தொடுத்த விண்டோஸ் கணினி யாரும் எதையும் அழுத்தாமலே சில நிமிடங்களில் தொற்றுக்கு ஆளானது. "போட்டுவிட்டால் ஆபத்து" என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் பிறந்தது. இப்போது நடுவில் ரவுட்டர் நிற்கிறது. உள்ளிருந்து யாரும் கேட்காத ஒன்று வெளியிலிருந்து வந்தால் அது தள்ளிவிடும். 4ஜி இணைப்பென்றால் பெரும்பாலும் பல வீடுகள் ஒரே பொது ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் தெரியும் அடையாள எண்ணைப் பகிர்கின்றன, வெளியாள் உங்கள் கணினியைத் தனியாக எட்டுவது மேலும் கடினம். எனவே வெளியிலிருந்து தானாக நுழைவது பற்றிய பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

என்னைத் தூங்கவிடாத விடயம் உள்ளிருந்து வெளியே போகும் அழைப்பு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2024 மே மாதம் சிங்கப்பூரில் யுன்ஹே வாங் என்ற சீன நாட்டவர் கைதானார். அவர் நடத்தியதாக அமெரிக்க நீதித் திணைக்களம் குற்றம்சாட்டிய சேவையின் பெயர் 911 எஸ்5. உலகம் முழுக்க ஏறத்தாழ 200 நாடுகளில், 1 கோடியே 90 இலட்சத்துக்கு மேற்பட்ட ஐ.பி. முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. எல்லாம் வீட்டு விண்டோஸ் கணினிகள் வழியாக. அவர் விற்றது அந்தக் கணினிகளிலிருந்த கோப்புகளையல்ல, கடவுச்சொற்களையுமல்ல. அந்த வீடுகளின் ஐ.பி. முகவரிகளை வாடகைக்கு விட்டார். 9 கோடியே 90 இலட்சம் டொலர் சம்பாதித்ததாகக் குற்றப்பத்திரம் சொல்கிறது.

வீட்டு முகவரிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? திருடிய வங்கி அட்டையோடு ஒருவன் இணையக் கடைக்குப் போனால், வாங்குபவன் எந்த ஊரிலிருந்து வருகிறான் என்று கடை பார்க்கும். அட்டை ஒரு நாட்டினது, வருகை இன்னொரு நாட்டின் தரவுமையத்திலிருந்து என்றால் சந்தேகம் வரும். அட்டைக்காரரின் ஊருக்குக் கிட்டவே உள்ள ஒரு சாதாரண வீட்டு இணைப்பிலிருந்து வந்தால் சந்தேகம் வராது. அந்தச் சாதாரணத் தோற்றத்துக்குத்தான் காசு. இந்த வழியில் 5 இலட்சத்து 60 ஆயிரம் பொய்யான வேலையின்மைக் கொடுப்பனவு விண்ணப்பங்கள் போடப்பட்டன, 590 கோடி டொலருக்கு மேல் இழப்பு என்று அமெரிக்க அரசு கணக்குச் சொன்னது.

வேலை நடக்கும் விதம் தந்திரமானது. உங்கள் கணினியில் இருக்கும் சிறு நிரல், முதலாளியின் சேவையகத்தைத் தானே கூப்பிடுகிறது. உள்ளிருந்து போகும் அழைப்பு என்பதால் ரவுட்டர் மறிக்காது. அந்தத் தொடர்பை நிரல் அறுக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. காசு கட்டிய ஒருவன் எங்கோ இருந்து வங்கித் தளமொன்றுக்குப் போக நினைத்தால், அவனது கோரிக்கை அந்தத் தொடர்பின் வழியே உங்கள் கணினிக்கு வந்து, உங்கள் ரவுட்டர் வழியாக வங்கிக்குப் போகும். பதிலும் அதே வழியில் திரும்பும். வங்கிப் பதிவில் இருப்பது உங்கள் முகவரி. உங்கள் திரையில் எதுவும் தெரியாது. கோப்பு எதுவும் காணாமற்போகாது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் முகவரியை விற்கலாம். ஆகவே விடிய விடிய ஓடும் கணினிதான் அவர்களுக்குப் பெறுமதி கூடியது. ஆசிரியரின் கேள்வி இங்கேதான் கனக்கிறது.

அந்த நிரல் எப்படி உள்ளே வந்தது? பெரும்பாலும் வீட்டுக்காரரே போட்டார். மாஸ்க், டியூ, பலடின், ஷீல்ட், ஷைன் என்ற பெயர்களில் வந்த, முடக்கிய தளங்களை எட்ட உதவும் இலவச வி.பி.என்.களும் புரொக்சிகேட் என்ற நிரலும் அதன் வாகனங்கள். 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியதை நாம் மறக்கவில்லை. மக்களின் பாதுகாப்புக்காக என்றே ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்டது. வெளிநாட்டுப் பிள்ளையோடு வட்ஸ்அப்பில் பேச வழியில்லாமற்போன தாய்மாருக்கும் மாணவர்களுக்கும், கைக்கு அகப்பட்ட இலவச வி.பி.என். ஒன்றை இறக்குவதே அன்று கிடைத்த வழி. இலவசத்துக்குப் பின்னால் யார் என்று பார்க்க அவர்களுக்கு நேரமிருக்கவில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் மக்களை முன்பின் தெரியாத மென்பொருள்களிடம் தள்ளிவிட்ட பொறுப்பு முடக்கியவர்களுக்கும் உண்டு. முடக்கம் போய்விட்டது, அன்று போட்ட நிரல் பல கணினிகளில் அப்படியே கிடக்கலாம். மேலே சொன்ன பெயர்கள் உங்கள் நிரல்பட்டியலில் இருந்தால் இன்றே அகற்றுங்கள். பெயர் தெரியாத வேறு இலவச வி.பி.என். இருந்தாலும் அதையும்.

உங்கள் அடையாள அட்டையில் வேறொருவர் சிம் எடுத்தால் என்ன நடக்கும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உங்கள் இணைப்பை வேறொருவன் பாவிப்பதும் அதே ஆபத்துத்தான். முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுகள் நடந்த வடக்கு இது. "ஐ.பி. முகவரியை வைத்துக் கண்டுபிடித்தோம்" என்று அதிகாரிகள் சொல்லும்போது, அந்த முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்திருக்கலாம், ஒரு வீட்டின் இணைப்பையே தெரியாத ஒருவன் பாவித்திருக்கலாம் என்பதை வழக்கறிஞர்கள் எழுப்ப வேண்டும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாவனையாளரைக் காக்கவே வந்தது என்றார்கள். அதைப் படித்தால், யார் என்ன எழுதினார் என்பதில் இருக்கும் அக்கறை, எழுதாதவரின் இணைப்பு வாடகைக்குப் போவதில் இல்லை.

கணினியை நிறுத்திவிட்டு நிம்மதியாகப் படுப்பவர்கள் மறக்கும் இன்னொரு கணினி ரி.வி.க்குக் கீழே இருக்கிறது. மலிவான ஆண்ட்ரொயிட் ரி.வி. பெட்டிகள் சில, கடையில் வாங்கும்போதே இதே வேலைக்கான நிரலோடு வருகின்றன. பாட்பொக்ஸ் 2.0 எனப்படும் இந்த வலையமைப்பைப் பற்றி அமெரிக்க எப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரித்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட சாதனங்கள் சிக்கியதாகச் சொல்லி அடுத்த மாதம் கூகிள் வழக்குத் தொடுத்தது. "எல்லாச் சனலும் இலவசம்" என்று விற்கப்படும் பெட்டி, கூகிள் பிளே அல்லாத இடத்திலிருந்து செயலி இறக்கச் சொல்லும் பெட்டி, கூகிளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்ட்டை நிறுத்தச் சொல்லும் பெட்டி மூன்றையும் சந்தேகியுங்கள். ரி.வி. பெட்டியின் சுவிட்ச்சை இரவில் யாரும் நிறுத்துவதில்லை.

உங்கள் இணைப்பு வாடகைக்குப் போகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு சாதாரண வீடு இறக்குவது அதிகம், ஏற்றுவது மிகக் குறைவு. வாடகைக்குப் போன இணைப்பில் பிறருடைய தரவு வந்த அளவுக்கே திரும்பவும் வெளியே போவதால், ஏற்றம் இறக்கத்துக்குக் கிட்ட வந்துவிடும். இரவு படுக்கமுன் போன்களின் வைஃபையை நிறுத்துங்கள். கணினியில் காணொளி எதையும் இறக்கவிடாதீர்கள். ரவுட்டரின் பக்கத்தில் ஏற்ற, இறக்க எண்களைக் குறித்து, காலையில் மீண்டும் பாருங்கள். அப்டேட் ஒன்று இறங்கினால் பெரும்பாலும் இறக்கம் மட்டும் ஏறும். இரண்டும் சேர்ந்து நூற்றுக்கணக்கான எம்.பி. ஏறியிருந்தால், ஒவ்வொரு இரவும் ஒரு சாதனத்தைக் கழற்றிவிட்டு, எது குற்றவாளி என்று பிரித்துப் பாருங்கள்.

ஆசிரியருக்கு என் பதில்: திருத்தம் தொடரும் கணினி, காரணத்தோடு இரவில் ஓடினால் ஓடட்டும், வேலை முடிந்ததும் தானே உறங்கும்படி அமைத்துவிடுங்கள். நீடிப்புக்குப் பதியாத விண்டோஸ் 10ஐ இரவில் விட வேண்டாம்.

மற்றக் கேள்விகள்.

மின்னல்? ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடியில் சுவிட்ச்சை நிறுத்துவது போதாது. பிளக்கையும், தொலைபேசிக் கம்பியால் வரும் இணைப்பானால் அந்தக் கம்பியையும், இடி தொடங்க முன்னரே கழற்றுங்கள்.

கரண்ட் பில்? இரவு பகலாகச் சும்மா ஓடும் மேசைக்கணினி 60 வாட் எடுத்தால் மாதம் 43 அலகு. 60 அலகைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டணப் படியே மாறும்.

ரவுட்டர்? 10 வாட் என்றால் மாதம் 7 அலகு; விடலாம்.

ரவுட்டரின் கடவுச்சொல்? பெட்டியில் வந்தது அப்படியே இருந்தால் இன்றே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியது மாற்றாத கடவுச்சொற்களால்.

ஒவ்வொரு நாளும் நிறுத்திப் போடுவதால் கணினி பழுதாகுமா? இல்லை.

ஒரு கிழமை ஊருக்குப் போகிறோம்? கமரா இல்லையென்றால் ரவுட்டர் உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போங்கள்.