பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய வண்டி
பழைய ஜீப் பிக்கப் வாங்குகிறவர்கள் இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். வண்டியின் குணத்தைத் தீர்மானிப்பது பின் ஆக்ஸிலுக்குள் இருக்கிறது.

ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டியிருக்கிறது மண்டி டப்வாலி. இங்கே ஜீப் என்பது தொழிற்சாலையில் பிறப்பதல்ல, பட்டறையில் சேர்க்கப்படுவது. ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளின் பாகங்களிலிருந்து ஜீப் கட்டும் கலையில் ஊருக்குப் பெரிய பெயர். பஞ்சாபிப் பாட்டு வீடியோக்களில் மாப்பிள்ளைகள் பவனி வரும் திறந்த ஜீப்புகள் ஒரு பக்கம். அதே அடிச்சட்டத்தின் மேல் தொட்டி கட்டிச் சுமை ஏற்றும் பழைய பிக்கப்புகள் இன்னொரு பக்கம்.

வாங்க வருகிறவர் பானெட்டைத் திறந்து பார்ப்பார், புகையின் நிறம் பார்ப்பார், டயரை உதைத்தும் பார்ப்பார். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள்கூட, வண்டியின் பல்லை எண்ண மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பல் இருப்பது டிஃபரன்ஷியலில். பிராபெல்லர் ஷாஃப்டின் முனையில் சின்னப் பினியன். அது சுற்றுவது பெரிய கிரவுன் வீலை. பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல் என்றால், ஷாஃப்ட் ஏறத்தாழ 5.38 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். கிரவுனில் 39 பல் என்றால் 4.88 சுற்று போதும். எண் பெரிதானால் இழுவை அதிகம், ஓட்டம் குறைவு. எண் சிறிதானால் நேர்மாறு. இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

வில்லிஸ் நிறுவனம் இதைத் தெரிந்தே செய்தது. போர்க்கால ராணுவ ஜீப்புக்கு 4.88; விவசாயியை மனத்தில் வைத்து 1945-ல் வந்த சிவிலியன் ஜீப்புக்கு 5.38. மகிந்திரா இந்தியாவில் பல்லாண்டு தயாரித்த சிஜே3பி அந்த இரண்டாவது வம்சம். பிந்தைய மாடல்களில் வேறு விகிதங்களும் உண்டு. அதனால்தான் பல பாகங்கள் கலந்த வண்டியில் விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

சிக்கல் டீசலில் தொடங்கியது. பெட்ரோல் விலைக்கு அஞ்சிப் பழைய ஜீப்புகளில் டீசல் இன்ஜின் ஏற்றியவர்கள் ஏராளம். டிராக்டர் இன்ஜினைக்கூட விட்டுவைக்கவில்லை. டிராக்டர் இன்ஜின் மெதுவாகச் சுற்றி இழுப்பதற்கென்றே பிறந்தது. 28 அங்குல டயர், டாப் கியர், 70 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால், 5.38-ல் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,800 முறை சுற்றியாக வேண்டும். 4.88-ல் 2,550 போதும். சமவெளி நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு இந்த 250 சுற்று சாதாரணமல்ல. சத்தமும் தேய்மானமும் அதில்தான் இருக்கின்றன.

ஆனால் அதே வண்டி இமாசலத்துக்குப் போனால்? சுமார் 2,700 மீட்டர் உயரத்திலுள்ள நார்கண்டாவிலிருந்து, ஏறத்தாழ 1,000 மீட்டரில் சட்லெஜ் கரையிலுள்ள ராம்பூருக்குச் சாலை இறங்கிக்கொண்டே போகிறது. பாரத்தோடு இறங்கும் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பிரேக்கைவிட இன்ஜினுக்கே பங்கு அதிகம். 4.88-க்கு மாறினால் ஒவ்வொரு கியரிலும் அந்தப் பிடிப்பு சுமார் பத்து சதவீதம் தளர்கிறது. டிரைவர் ஒரு கியர் குறைத்து இறங்கினால் சரி. பழைய பழக்கத்தில் அதே கியரில் இறங்கினால் மீதி பாரம் டிரம் பிரேக்கின் தலையில். சூடேறிய டிரம் பிடிக்காது.

நான்கு சக்கர இயக்கமும் லோ கியரும் உள்ள வண்டிக்குக் கவலை குறைவு. வில்லிஸ் வழி வண்டிகளில் லோ கியர் இழுவையைச் சுமார் இரண்டரை மடங்காக்கும். அது இல்லாத இரு சக்கர இயக்கப் பிக்கப் மலையில் சுமை ஏற்றுவதானால், 5.38-ஐ மாற்றாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

பெரிய டயர் மோகமும் இந்தக் கணக்கைக் குலைக்கிறது. 28 அங்குலத்துக்குப் பதில் 31 மாட்டினால், 5.38 வண்டி 4.86 போலவே நடந்துகொள்ளும். கிரவுனைத் தொடாமலே விகிதம் மாறிவிடுகிறது. ஸ்பீடாமீட்டரோ பழைய கணக்கையே காட்டும். 60 என்று முள் சொல்லும்போது உண்மையில் 66.

இதைவிட மோசம், முன் ஆக்ஸில் ஒரு வண்டியிலிருந்தும் பின் ஆக்ஸில் இன்னொன்றிலிருந்தும் வந்திருப்பது. முன்சக்கரம் 10 சுற்று சுற்றுவதற்குள் பின்சக்கரம் 11 சுற்றப் பார்க்கும். பின்சக்கரத்தில் மட்டும் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. கெட்டியான தரையில் நான்கு சக்கரத்தையும் இணைத்ததும் ஷாஃப்டும் கியரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டத் தொடங்கும். ஏதாவது ஒன்று உடையும்.

மாற்றுவதென்று முடிவு செய்தால் கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வாங்கப்பட வேண்டும். அவை சேர்த்துத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஷிம் வைத்து இடைவெளி சரிசெய்யத் தெரியாத கையில் கொடுத்தால், ஊளையிட்டுக்கொண்டே ஓடி விரைவில் பல் உதிரும். சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளரின் மூல வடிவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைச் சுட்டி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

விகிதத்தைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக் ஷாஃப்டையே பிடிப்பதால் அதையும் விடுவிக்க வேண்டும், கட்டை அதற்காகத்தான். சக்கரத்திலும் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தை இரண்டு முறை சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலே போனால் 5.38. முன் ஆக்ஸிலையும் இதே முறையில் எண்ணிவிட்டு, அதன் பிறகு விலை பேசலாம்.