பழைய காரில் பாடாத வானொலி

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய காரில் எஞ்சின் செம்மையாக இருக்கும்போதே வானொலி வாய் மூடிவிடுவது உண்டு. பழுது பார்ப்போரிடம் கொண்டுபோனால், “செட் போய்விட்டது, புதிது மாட்டிவிடலாம்” என்ற விடை எளிதிற் கிடைக்கும். போனது பல வேளைகளில் செட் அன்று. அதற்குச் செல்லும் ஒரு முழக் கம்பியே. அக்கம்பியைக் கண்டறியும் வகையை ஈண்டு ஆராய்வோம்.

1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மோட்டோரோலா என்ற பெயருடன் விற்பனைக்கு வந்த கார் வானொலி, வால்வுகளால் இயங்கியது. 1955இல் டிரான்சிஸ்டர் மட்டுமே கொண்ட கார் வானொலி தோன்றியது. கருவி எவ்வளவு மாறியபோதிலும், பாட்டரியிலிருந்து மின்சாரமும் ஏரியலிலிருந்து அலையும் உள்ளே போக, ஸ்பீக்கருக்கு ஒலி வெளியே வரவேண்டும் என்ற ஏற்பாடு மாறவில்லை.

செட்டில் விளக்கே எரியவில்லையாயின், மின்சாரம் வரவில்லை என்பது வெளிப்படை. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான செட்டுகளுக்கு மின்சாரம் இரு வழியாக வருகிறது. ஒன்று சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. மற்றொன்று நிலையங்களின் நினைவையும் கடிகாரத்தையும் காப்பதற்காக எப்போதும் வந்துகொண்டிருப்பது. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் செட் தன் நிலையங்களை மறந்துவிடுமானால், இரண்டாவது வழி அறுந்திருக்கிறது, அல்லது இரு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன என்று கொள்ளலாம். இரு வழிக்கும் உரிய ஃபியூஸ்களை முதலில் பார்க்கவேண்டும். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதே அளவுடையதையே இடுக. பத்து ஆம்பியர் இருந்த இடத்தில் முப்பது இடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுவதும் நம் நாட்டில் காணாத காட்சி அல்ல. ஃபியூஸ் காப்பது செட்டை மட்டும் அன்று, கம்பியையும் ஆகும். அது எரிய மறுத்தால் கம்பி எரியும். அதனோடு காரும் எரியக்கூடும்.

பாட்டரி மாற்றியபின் செட் ஓர் இரகசிய எண்ணைக் கேட்டு நின்றுவிடுவது பழுதன்று. திருடரைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. பல தடவை தவறான எண்ணை இட்டால் அது முற்றும் பூட்டிக்கொள்ளும். ஆதலின் பழைய கார் வாங்குவோர், வண்டிப் புத்தகத்தோடு அந்த எண் அட்டையையும் கேட்டுப் பெறுவது நலம்.

இனி, ஒரு பக்கம் மட்டும் ஒலிக்காத நிலை. இதுவே மிகுதியாகக் காணப்படுவது. இதன் காரணமும் சுவையானது. கதவிலுள்ள ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பி, கீலின் அருகே ஒரு ரப்பர்க் குழாயின் வழியே போகிறது. கதவைத் திறக்குந்தோறும் மூடுந்தோறும் அது வளைந்து நிமிர்கிறது. நாளைக்குப் பத்து முறை என்று வைத்துக்கொண்டாலும், இருபது ஆண்டுகளில் எழுபதாயிரம் முறைக்குமேல் ஆகிறது! உள்ளிருக்கும் செப்பு இழைகள் ஒவ்வொன்றாய் ஒடிகின்றன. மேலுறையோ முழுமையாகவே இருக்கும். பார்த்தால் குறை தெரியாது. வானொலி பாடும்போது கதவை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒலி வந்து வந்து போகுமாயின் குற்றம் அங்கேதான். பல இழைகள் கொண்ட நெகிழ்வான புதுக்கம்பியை இட்டு, வளையும் பகுதிக்கு அப்பால் பற்றவைத்து இணைக்கவேண்டும்.

கம்பி சரியாயின் ஸ்பீக்கரைச் சோதிக்கலாம். அதன் இரு கம்பிகளையும் முற்றிலும் கழற்றிவிட்டு, டார்ச் விளக்கின் ஒன்றரை வோல்ட் பாட்டரி ஒன்றைக் கணநேரம் முனைகளில் தொடுக. நல்ல ஸ்பீக்கர் ‘டக்’ என்று ஒலித்து, அதன் காகிதக் கூம்பும் சற்றே அசையும். மீட்டர் உடையோர் தடையை அளந்தால், நான்கு ஓம் என்று குறித்த ஸ்பீக்கரில் மூன்றுக்குச் சற்று மேல் காணலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முற்காலச் செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனை வண்டி உடலோடு இணைந்திருந்தது. பிற்காலத்துச் செட்டுகளில் இரு முனைகளும் உடலினின்று தனித்தே நிற்கின்றன. பழைய பழக்கத்தில் ஒன்றை உடலோடு சேர்த்தால், நன்றாயிருந்த செட்டும் கெடும்.

இரைச்சலுக்கு வருவோம். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ஙொய்’ என்ற ஓசை, பெரும்பாலும் மின்னாக்கியாகிய ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. அது எவ்வழி நுழைகிறதென அறிய, ஏரியல் கம்பியைச் செட்டிலிருந்து உருவிப் பாருங்கள். ஓசை நின்றால் ஏரியல் வழி. நிற்காவிடில் மின்சார வழி, அல்லது தளர்ந்த உடலிணைப்பு. ஏரியலின் அடிப்பகுதி துருப்பிடித்து உடலைத் தொடாதிருந்தால், மத்திய அலையில் எஞ்சினின் தீப்பொறியெல்லாம் படபடவென்று கேட்கும். பண்பலையில் அவ்வளவு தெரியாது. மலிவான கைப்பேசிச் சார்ஜர் ஒன்றைச் செருகியிருந்தால், வேறெதையும் தேடுமுன் அதைப் பிடுங்கிவிடுக.

கூரையிலோ கண்ணாடியிலோ ஏரியல் பதித்த கார்களுட் பலவற்றில், அலையை வலுப்படுத்தும் சிறு கருவி ஒன்று உண்டு. அதற்கும் மின்சாரம் வேண்டும். செட்டை மாற்றியவர் அந்தக் கம்பியை இணைக்காமல் விட்டிருந்தால், அருகிலுள்ள நிலையமும் தொலைவிலிருப்பதுபோல் மங்கிக் கேட்கும்.

செட்டைக் கழற்றுமுன் பாட்டரியின் எதிர் முனையை நீக்குவது நன்று. காற்றுப்பை உள்ள வண்டியாயின் நீக்கிய பின்னும் சில நிமிடம் காத்திருந்து, மஞ்சள் உறையிட்ட இணைப்புகளைத் தொடாமல் விடுக. உள்ளே பற்றுவிட்ட இணைப்பும் வற்றிய மின்தேக்கியும் கார் மின்வேலைக்காரரைவிட வானொலி பழுதுபார்ப்போருக்கே பழக்கமானவை. கேசட் சுழலாத செட்டில் தளர்ந்திருப்பது பெரும்பாலும் சிறு ரப்பர் பெல்ட்டே. அத்தகைய உதிரிப் பொருள்களைச் சென்னை ரிச்சித் தெரு, மும்பை லாமிங்டன் சாலை, டெல்லி லஜ்பத்ராய் மார்க்கெட் போன்ற இடங்களில், பழைய பெல்ட்டை மாதிரியாகக் கையிற் கொண்டுசென்று தேடலாம்.