தொலைமருத்துவமும் துணைநிற்கும் கரமும்

நோயாளி மருத்துவரைத் தேடிச் செல்வதா, மருத்துவம் நோயாளியைத் தேடி வருவதா என்னும் வினா இன்று தோன்றியதன்று. கி.பி. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பாஸிய அமைச்சர் அலீ பின் ஈஸா, பக்தாதின் தலைமை மருத்துவர் ஸினான் பின் ஸாபித்துக்கு மடல் ஒன்று விடுத்தார். மருத்துவரே இல்லாத ஸவாது நாட்டுப்புறச் சிற்றூர்களுக்கு மருத்துவர்களையும் மருந்துப் பேழையையும் அனுப்புமாறு அதில் பணித்திருந்தார். முஸ்லிமல்லாதார் மிகுந்த ஊர்களில் என் செய்வது என ஸினான் வினவியபோது, அவர்களுக்கும் மருத்துவம் செய்யுமாறே மறுமொழி வந்தது.

அவ்வினா இன்று நம் ஊர்களிலும் எழுகின்றது. தென்பெண்ணையாற்றங்கரையிலுள்ள மணலூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். இவ்வூர் அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் உருவாயிற்று. 2022 ஜனவரியில் அதன் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. ஆயினும், சிறப்பு மருத்துவரைக் காண மாவட்டத் தலைநகர் செல்லும் கூலித் தொழிலாளி, பேருந்துக் கட்டணத்தோடு ஒருநாள் ஊதியத்தையும் இழக்கிறார். கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்து இறங்கி வருவோர்க்கு இவ்விழப்பு இன்னும் பெரிது. இத்தொலைவைக் குறைக்கவே மின்னணு மருத்துவச் சேவைகள் வந்துள்ளன.

தமிழகத்தில் இதற்குத் தெளிவான முன்மாதிரி, அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் தேனி வட்டாரத்தில் நிறுவிய பார்வை மையங்களாகும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குறைந்த செலவில் நெடுந்தொலைவு எட்டும் கம்பியில்லா இணைப்பை இவற்றுக்கு அமைத்துத் தந்தனர். மையத்தில் மருத்துவர் இரார். பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைக் கருவியால் சோதித்து, விவரங்களைத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புவார். அங்குள்ள மருத்துவர் நோயாளியிடம் திரைவழியே உரையாடி முடிவு கூறுவார். அறுவை முதலான மேல்சிகிச்சை வேண்டுவோர் மட்டும் பயணப்பட்டால் போதும்.

நடுவண் அரசின் இ-சஞ்சீவனி 2019இல் தொடங்கப்பட்டது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, நோயாளி வீட்டிலிருந்தே மருத்துவரை அணுகும் வசதியும் அதில் சேர்ந்தது. 2023 பிப்ரவரியில் அது 10 கோடி ஆலோசனைகளைக் கடந்தது. அவற்றின் பெரும்பகுதி, நோயாளி தனித்திருந்து பெற்றவை அல்ல; நலவாழ்வு மையங்களில் சுகாதாரப் பணியாளர் உடனிருக்க நடந்தவை என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

காரணம் வெளிப்படை. திரைவழியே வயிற்றைத் தொட்டுப் பார்க்க இயலாது. நாடி பிடிக்க இயலாது. சொந்தக் கைபேசி இல்லாத மூதாட்டியும், தம் உபாதையைப் பிறர் கேட்கச் சொல்லக் கூசும் பெண்ணும், அலைவரிசை எட்டாத மலைவாழ் மக்களும் கருவி ஒன்றினால் மட்டும் பயனடைய மாட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிப்பதன் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது.

2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், நோயாளியின் இசைவையும் மறைகாப்பையும் வலியுறுத்துகின்றன. சில மருந்துகளைத் தொலைவிலிருந்து பரிந்துரைப்பதைத் தடுக்கின்றன. நோயாளியின் செய்தி ஓர் அமானிதம் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

எனவே கருவி வந்துவிட்டதென நாம் ஓய்ந்துவிடலாகாது. முதியோரை நலவாழ்வு மையத்திற்கு அழைத்துச் செல்லவும், மருத்துவர் கூறியதை அவர்களுக்கு விளக்கவும், மருந்து தீருமுன் நினைவூட்டவும் ஊருக்குச் சிலர் வேண்டும். படித்த இளைஞர்களைக் கொண்டு மஹல்லா ஜமாஅத்துகள் இப்பணியை ஏற்கலாம். ஸினானுக்குக் கிடைத்த மறுமொழியை நினைவிற்கொண்டு, ஊரார் அனைவருக்குமாக ஏற்கலாம்.